தாத்தாவின் தூண்டில் எது?

கேள்வி: எங்கள் தாத்தா டர்பன் ப்ளூ லகூனில் ஷாட் மீன் பிடிப்பதில் பெயர் எடுத்தவர். அவர் போய் இருபது வருஷம் ஆகிறது. சாட்ஸ்வர்த் வீட்டில் மேல்கூரைப் பலகைகளை மாற்றும்போது ஒரு துணிப்பைக்குள் அவருடைய தூண்டில் கம்பு கிடைத்தது. பையில் நான்கு துண்டுகள். மூன்று ஒன்றோடொன்று பொருந்தி ஒன்பது அடி வருகிறது, நான்காவதுக்கு இடமில்லை. கம்பு உருண்டையாக இல்லாமல் பென்சில் மாதிரி ஆறு பட்டையாக இருக்கிறது. கைப்பிடி கார்க். பித்தளையில் 'ரெடிச்' என்று கம்பெனிப் பெயர் வெட்டியிருக்கிறது. இது எந்த மீனுக்கான கம்பு? என்ன வயசு? விலை போகுமா? அண்ணன் சாண்ட்பேப்பர் போட்டு, புது வார்னிஷ் அடித்து, வருகிற சார்டின் சீசனில் கடற்கரைக்குக் கொண்டுபோவேன் என்கிறார். தாத்தா கல்யாணத்துக்கு முன்னால் அண்டர்பர்க் பக்கம் ஒரு ஓட்டலில் சமையல் வேலை பார்த்தார் என்று ஆயா சொல்வார்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா? ஐந்து படங்கள் அனுப்பியிருக்கிறேன்.
— ஒரு வாசகி, சாட்ஸ்வர்த்

அன்புள்ள தங்கைக்கு,

முதல் வேலையாக அண்ணன் கையிலிருக்கும் சாண்ட்பேப்பரை வாங்கி ஒளித்து வையுங்கள். மற்றதெல்லாம் அப்புறம் பேசலாம்.

டர்பனில் தூண்டில் கம்பு கட்டுவதும் உடைந்ததைச் சரிசெய்வதும் எனக்கு முப்பது வருஷத்துக்கு மேலான பிழைப்பு. 'தாத்தா கம்பு' என்று சொல்லிக்கொண்டு யாராவது வந்தபடியே இருப்பார்கள். வருகிறவர்கள் எல்லாரும் முதலில் காட்டுவது கம்பெனிப் பெயரை. நான் கடைசியில் பார்ப்பது அதைத்தான். எழுத்து அழியும், லேபிள் உரியும், ஒரு கம்பெனியின் அடித்துண்டில் இன்னொரு கம்பெனியின் நுனியை யாரோ மாட்டி வைத்திருப்பார்கள். நூல் சுற்றுகிற ரீல் எந்த இடத்தில் உட்கார்ந்தது, நூல் ஓடுகிற வளையங்கள் என்ன மாதிரி, நுனி எவ்வளவு மெல்லிசு, இந்த மூன்றையும் பார்த்தால் கம்பு எதற்குச் செய்யப்பட்டது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும்.

உங்கள் படங்களில் மூன்றும் நன்றாகவே தெரிகின்றன. இது கடல் கம்பு இல்லை. ஷாட், கேரிக், க்ரண்டர் எதற்கும் இல்லை. மலை ஆற்றில் ட்ரவுட் மீன் பிடிக்கிற ஃப்ளை கம்பு.

மூன்றாவது படத்தைப் பாருங்கள். கார்க் பிடி முடிந்து அதற்கும் கீழே, கம்பின் கடைசி முனையில், ஒரு விரல் நீளத்துக்கு மரத்தில் பள்ளமும் அதன்மேல் நகர்கிற பித்தளை வளையமும் இருக்கிறதல்லவா? ரீலின் கால் அங்கேதான் உட்காரும். அதாவது பிடிக்கிற கைக்குக் கீழே ரீல், ரீலுக்குக் கீழே ஒன்றுமே கிடையாது. கடலில் வீசுகிற கம்பை யாரும் இப்படிச் செய்யமாட்டார்கள். அதை இரண்டு கையாலும் பிடித்துச் சுழற்றவேண்டும். மீன் மாட்டினால் அடிமுனையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு இழுக்கவேண்டும். ரீல் கடைசியில் இருந்தால் அது வயிற்றில்தான் குத்தும். ஒரு கையால் பிடிக்கிற கம்புக்கு மட்டுமே ரீலை அங்கே வைக்கலாம்.

அடுத்தது வளையங்கள். மெல்லிய கம்பியை ஒரு முறுக்கு முறுக்கி, இரண்டு காலையும் பட்டு நூலால் சுற்றிக் கட்டியிருக்கிறார்கள். பாம்பு நெளிந்த மாதிரி இருப்பதால் தொழிலிலேயே பாம்பு வளையம் என்றுதான் பெயர். கைப்பிடிக்குப் பக்கத்தில் உள்ள முதல் வளையத்தில் மட்டும் உள்ளே பழுப்பு நிறத்தில் ஒரு கல் பதித்திருக்கிறது. அது அகேட். பூத்தையல் நூல் ஒன்றை அதற்குள் விட்டு முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். நூல் எங்காவது சிக்கினால் கல்லில் விரிசல் என்று அர்த்தம்.

நுனியைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம், உங்கள் விரலுக்கே தெரிந்திருக்கும். ஊதுபத்திக் குச்சிக்கு இரண்டு சுற்றுத்தான் பெரிது. சமையலறைத் தராசில் கம்பு முழுவதையும் வைத்தால் நூற்றைம்பது, நூற்றெழுபது கிராம் காட்டும். நம் கடற்கரையில் அலைக்கு அப்பால் வீசக் கட்டுகிற ஐந்து, ஆறு அவுன்ஸ் ஈயமும் அதே எடைதான். தன் எடைக்குச் சமமான ஈயத்தை இந்தக் கம்பு தூக்கி எறியவேண்டும் என்று அண்ணன் ஆசைப்படுகிறார். முதல் வீச்சிலேயே நுனி மட்டும் தனியாகக் கடலுக்குப் போய்விடும்.

ஃப்ளை கம்பு வேலை செய்கிற முறையே வேறு. கொக்கியில் கோழி இறகும் பட்டு நூலும் சுற்றி ஒரு பொய்ப் பூச்சி செய்வார்கள், அதுதான் ஃப்ளை. அதற்கு எடையே கிடையாது, ஊதினால் பறக்கும். எடை நூலில்தான் இருக்கிறது. அந்தக் காலத்தில் பட்டில் பின்னி எண்ணெய் ஊட்டிய தடித்த நூல். அதைப் பின்னால் ஒரு வீச்சு, முன்னால் ஒரு வீச்சு வீசினால் நூல் காற்றில் வளையம் போட்டு விரிந்து போகும். பூச்சி கடைசியில் வால் மாதிரி போய்த் தண்ணீரில் விழும். கம்பு இதற்கு மெதுவாக, அடிவரைக்கும் வளையவேண்டும். ரீல் வெறும் நூல் வைக்கிற டப்பா மாதிரிதான், அதனால் அது கைக்குக் கீழே இருந்தாலும் தொந்தரவில்லை.

சரி, அந்த ஆறு பட்டை. மூங்கிலைப் புறக்காழ் என்று நம் பழையவர்கள் வகைப்படுத்தி வைத்தார்கள். மரத்துக்கு வைரம் உள்ளே, மூங்கிலுக்கு வைரம் வெளியே. கம்பு செய்கிறவனுக்கு இதைவிடப் பெரிய பாடம் இல்லை. மூங்கிலை நீளவாக்கில் பிளந்து, உள்சதையைச் சீவி எறிந்து, வெளித்தோல் ஒரு பக்கமாக வருகிற மாதிரி முக்கோணப் பட்டைகளாக இழைப்பார்கள். ஒவ்வொரு மூலையும் அறுபது டிகிரி. ஆறு பட்டையைச் சேர்த்து ஒட்டினால் நடுவில் இடைவெளி இல்லாத ஆறுமூலைக் கம்பு, நாலாபக்கமும் வைரம். கணுக்களையும் கவனியுங்கள். சாதாரண மூங்கிலில் கணு சுற்றிலும் ஒரே வட்டமாக வரும். உங்கள் கம்பில் ஒரு பட்டையின் கணு இங்கே, பக்கத்துப் பட்டையின் கணு ஒரு விரற்கடை தள்ளி என்று மாறி மாறி நிற்கும். பலவீனமான இடங்கள் ஒரே கோட்டில் சேராமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது.

இதற்கான மூங்கிலுக்கு வியாபாரப் பெயர் டோங்கின். ஆனால் வியட்நாமின் டோங்கினில் அது விளைவதில்லை, சீனாவின் குவாங்டோங் மாகாணத்து மலைச்சரிவுகளில் விளைகிறது. அதற்கு முறையான தாவரப் பெயர் வைத்ததே 1931-ல்தான். அதற்கும் எத்தனையோ வருஷம் முன்பிருந்து உலகமெல்லாம் அதில் கம்பு செய்துகொண்டிருந்தார்கள்.

வைரம் வெளித்தோலில் இருக்கிறது என்றேன். இப்போது சாண்ட்பேப்பர் விஷயம் உங்களுக்கே புரியும். அது தேய்த்து எடுப்பது அழுக்கை மட்டுமில்லை, கம்பின் பலத்தையும்தான். பழைய வார்னிஷ் கண்ணாடி மாதிரி வெடித்திருப்பது பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். இருக்கட்டும்.

இதில் நானே ஒரு பாவம் செய்திருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பெரியவர் இதே மாதிரி ஆறு பட்டைக் கம்பு ஒன்றைக் கொடுத்து, ஒரு வளையத்தை மட்டும் மாற்றச் சொன்னார். நான் கெட்டிக்காரத்தனமாக பெயின்ட் கரைக்கிற மருந்தைப் பூசிப் பழைய வார்னிஷ் முழுவதையும் எடுத்துவிட்டுப் பளபளவென்று திருப்பிக் கொடுத்தேன். கைப்பிடிக்கு மேலே மூங்கிலின்மீது செய்தவர் பெயரை இந்திய மையில் எழுதி, அதன்மேல் வார்னிஷ் பூசியிருந்தார்கள் என்பது எனக்குத் தெரியாது. துணியோடு அதுவும் வந்துவிட்டது. பெரியவர் ஒன்றும் திட்டவில்லை. கம்பை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மூக்குக்குப் பக்கத்தில் வைத்து அந்த எழுத்தைத் தேடினார். அப்புறம் காசு கொடுத்துவிட்டுப் போனார். நீங்களும் அதே இடத்தில் பாருங்கள். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். ஏதாவது எழுத்து தெரிந்தால் படம் எடுங்கள், துடைக்கவேண்டாம்.

ஏனென்றால் 'ரெடிச்' கம்பெனிப் பெயர் இல்லை. அது இங்கிலாந்தில் ஒரு ஊர். நம் பாட்டிமார்கள் தைத்த ஊசிகளில் பெரும்பாலானவை அந்த ஊரில் செய்தவை. ஊசியை வளைத்தால் கொக்கி. கொக்கி செய்கிறவன் கம்பு, ரீல் என்று எல்லாவற்றையும் செய்யத் தொடங்கிவிட்டான். ஆல்காக், மில்வர்ட் என்று பெரிய பெரிய கம்பெனிகள் அங்கே இருந்தன. கடைக்காரர்களுக்காக வெறும் ஊர்ப் பெயரைப் போட்டு அனுப்பியவர்களும் இருந்தார்கள். கைப்பிடிப் பித்தளையில் ஒரு கலைமான் தெரிந்தால் ஆல்காக் என்று எடுத்துக்கொள்ளலாம். வடக்கே ஆல்னிக் ஊரில் ஹார்டி சகோதரர்கள் என்று 1872 முதல் இருந்த கம்பெனிதான் பணக்காரர்களின் கம்பெனி. அவர்களுடைய மூங்கில் கம்பில் 'பலகோனா' என்ற பெயர் இருக்கும். உங்களுடையது அது இல்லை. அதனால் மனம் விடவேண்டாம், ரெடிச்காரர்கள் மட்டமான வேலைக்காரர்கள் இல்லை.

வயசு? இன்னும் பழைய கம்புகளில் வளையத்துக்கும் வளையத்துக்கும் நடுவே ஒன்றிரண்டு அங்குலத்துக்கு ஒரு நூல் கட்டு இருக்கும். அப்போது இருந்த பிராணிப் பசையை நம்ப முடியாது, ஈரத்தில் விட்டுவிடும், அதனால் நூலால் இறுக்கி வைத்தார்கள். நல்ல பசை வந்தபிறகு அந்தக் கட்டுகள் குறைந்தன. உங்கள் கம்பில் அவை இல்லை, ஆனால் அகேட் கல் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் 1930-களுக்கும் 1950-களின் தொடக்கத்துக்கும் நடுவில் என்று நான் சொல்வேன். அதற்கு மேல் வந்திருக்க வாய்ப்பு குறைவு. அமெரிக்காவில் 1947-ல் கண்ணாடியிழைக் கம்பு கடைக்கு வந்துவிட்டது. 1950-ல் அமெரிக்கா சீனப் பொருள்களுக்குத் தடை போட்டதும் டோங்கின் மூங்கிலுக்கு அங்கே தட்டுப்பாடு. அதோடு கண்ணாடியிழைக்குக் கொண்டாட்டம், மூங்கிலுக்குத் திண்டாட்டம்.

நான்காவது துண்டைப் பற்றி இரண்டே வரி. நடுத்துண்டின் மேலே மாட்டியிருப்பதைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் இதை மாட்டுங்கள், சேரும். அது உபரி நுனி. நுனிதான் முதலில் உடையும் என்பதால் நல்ல கம்போடு இரண்டு நுனி கொடுப்பது வழக்கம். நான்கையும் வரிசையாகப் படுக்கவைத்து எடுத்த படத்தில் ஒரு நுனி மற்றதைவிட இரண்டங்குலம் குட்டையாக இருக்கிறது. அது ஒருமுறை உடைந்து, யாரோ நுனி வளையத்தைக் கீழே இறக்கிக் கட்டியிருக்கிறார்கள். அந்த நூல் கறுப்பு, மற்றதெல்லாம் கரும்பச்சை. வீட்டுத் தையல் நூலாகக்கூட இருக்கலாம். கட்டு சுத்தமாக இருக்கிறது.

அண்டர்பர்க் கேள்விக்கு வருகிறேன். சம்பந்தம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். ட்ரவுட் தென்னாப்பிரிக்க மீன் இல்லை. ஸ்காட்லாந்திலிருந்து முட்டையாகக் கப்பலேறி வந்து, 1890-ல் நேட்டாலின் மூயி, புஷ்மன்ஸ், உம்கேனி ஆறுகளின் மேல்பகுதியில் குஞ்சாக விடப்பட்டது. குளிர்ந்த தண்ணீர் இருந்தால்தான் வாழும், அதனால் டிராக்கன்ஸ்பர்க் மலை அடிவாரத்தோடு சரி. அண்டர்பர்க், ஹிமவில் பக்கத்து ஓட்டல்களுக்கு வெள்ளைக்காரர்கள் இதற்காகவே வந்து தங்குவார்கள். அந்த ஓட்டல்களில் சமையல், பரிமாறுதல் வேலைகளில் நம் ஆட்கள் நிறைய. விருந்தாளி ஒருவர் உடைந்த நுனியோடு விட்டுப் போனாரா, சம்பளத்துக்கு மேல் இனாமாகக் கொடுத்தாரா, தாத்தாவே விலைக்கு வாங்கினாரா என்பதைக் கம்பு சொல்லாது. ஆயாவைத்தான் கேட்கவேண்டும். இன்னொன்றும் கேளுங்கள். சாட்ஸ்வர்த்தில் ஜனங்கள் குடியேறியதே 1964-லிருந்துதான். இனவாரியாக ஜனங்களைப் பிரித்துக் குடியேற்றிய குரூப் ஏரியாஸ் சட்டத்தில் லாரி ஏற்றி அனுப்பினபோது பாதிச் சாமான் வழியிலேயே போனது, இருந்ததை அயலாருக்குக் கொடுத்துவிட்டு வந்தவர்கள் உண்டு. அந்த லாரியில் இந்தப் பையும் ஏறி வந்திருக்கிறது. எந்த வீட்டிலிருந்து வந்தது? ரிவர்சைடா, மேகசின் பராக்ஸா, மேவிலா?

பராமரிப்பு பெரிய வித்தை இல்லை. மறுபடியும் கூரைக்குள் வைக்காதீர்கள், தகரத்தின் சூடு பசையை இளக்கும். சுவரில் சாய்த்து நிறுத்தினால் வளைந்தபடியே நின்றுவிடும். பையில் போட்டு, பையை ஆணியில் தொங்கவிடுங்கள். துண்டுகள் ஒன்றோடொன்று சேருகிற பித்தளை மூட்டுகளைக் கழற்றும்போது முறுக்கக் கூடாது, இரண்டு பக்கமும் நேராக இழுக்கவேண்டும். முறுக்கினால் பட்டைகள் பிரியும். மாட்டுவதற்கு முன்னால் வெள்ளைக்காரர்கள் உள்ளே நுழைகிற மூட்டு முனையை மூக்கோரத்தில் ஒரு தேய்ப்புத் தேய்ப்பார்கள், அந்தப் பிசுக்குப் போதும் என்று. நமக்குத் தலையில் தேங்காய் எண்ணெயே இருக்கிறது, ஆனால் அவ்வளவு வேண்டாம், ஒரு துளி கூடினாலும் உள்ளே தூசி ஒட்டும்.

விலையைப் பற்றி ஆசை காட்ட மாட்டேன். ரெடிச் கம்பு உலகத்தில் ஏராளம். ஒரு நுனி குட்டை, பழைய வார்னிஷ், ரீல் இல்லை. வாங்குகிறவர் கொடுப்பது நீங்கள் கூரைப் பலகைக்குக் கொடுத்த கூலிக்குக்கூடக் காணாது. பெரிய விலை சொல்லி, 'முதலில் நான் புதுப்பித்துத் தருகிறேன், அதற்கு இவ்வளவு' என்று யாராவது கேட்டால் கம்பை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். பயன்படுத்தலாமா என்றால், தாராளமாக. நூல் கட்டுகளை ஒருவர் பார்த்துச் சரிசெய்தபிறகு, மலைப்பக்கம் அனுமதி வாங்கிய ஒரு ட்ரவுட் அணையில் அண்ணன் ஒருநாள் வீசிப் பார்க்கட்டும். நம் ஆறுகளில் இருக்கிற ஸ்கேலி மீனுக்கும் ஆகும். உப்புத் தண்ணீர் மட்டும் வேண்டாம்.

இதோடு பதில் முடிந்திருக்கவேண்டும். ஆனால் உங்கள் ஐந்தாவது படத்தை நான் மூன்று நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அண்ணன் ட்ரவுட் கம்பைத் துப்பாக்கி மாதிரி பிடித்துக்கொண்டு கொல்லைப்புறத்தில் நிற்கிறார். அவருக்குப் பின்னால் துணி காய்கிறது. இரண்டு சட்டை, ஒரு புடவை, சின்னப் பிள்ளையின் பள்ளிக்கூட உடுப்பு. கொடிக்கயிறு நடுவில் தொய்யாமல் இருக்க ஒரு நீள மூங்கிலை முட்டுக் கொடுத்திருக்கிறீர்கள். அந்தக் கழியைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

துணிக்கொடிக் கழிக்கு யாரும் கணுவை அரம் போட்டு மழுக்க மாட்டார்கள். இதில் ஒவ்வொரு கணுவும் கையால் தடவினால் தெரியாத அளவுக்கு மழுங்கியிருக்கிறது. கணுவுக்குக் கணு நடுவே வரிவரியாகக் கறுத்திருக்கிறதே, அது அழுக்கில்லை, நூல் கட்டு இருந்த தடம். மேலிருந்து மூன்றடியில் ஒரு துருப்பிடித்த வளையம், அதற்குக் கீழே இன்னொன்று. அடியில் ஒரு முழத்துக்குச் சணல் கயிறு நெருக்கமாகச் சுற்றி, அதன்மேல் கறுப்பாக ஏதோ பூசியிருக்கிறது. கொடிக்கயிறு எதில் உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்தீர்களா? நுனி வளையம் பாதி உடைந்து கவட்டை மாதிரி நிற்கிறது, கயிறு அதில் கச்சிதமாகப் பொருந்திவிட்டது. ஆயா அதனால்தான் அதை எடுத்திருப்பார்கள்.

தங்கச்சி, ப்ளூ லகூனில் தாத்தா ஷாட் பிடித்த கம்பு அதுதான்.

டர்பன் கரையில் அதற்குப் பர்மா கேன் என்று பெயர். பர்மா என்றால் நம் ஜனங்களுக்குத் தேக்கும் செட்டியார்களும் நினைவுக்கு வரும். இந்தக் கரைக்காரர்களுக்கு மூங்கில். பிளக்காமல் ஒட்டாமல் முழு மூங்கிலையே கம்பாக்குவது. நம் ஊர்க் கல்மூங்கில் மாதிரி சதைப்பிடிப்பானது, பன்னிரண்டு, பதினான்கு அடி வரும். கண்ணாடியிழைக் கம்பு மலிவாகக் கிடைக்கிறவரைக்கும் நேட்டால் கடற்கரை முழுக்க இதுதான். கறுப்புக்காரர், வெள்ளைக்காரர், நம்மவர் என்று வித்தியாசம் கிடையாது, மீன்பிடிக்கிற இடம்தான் வேறு வேறாகப் பிரித்து வைத்திருந்தது.

அந்தச் சணல் சுற்றிய இடத்தை உன்னிப்பாகப் பாருங்கள். அடிமுனையிலிருந்து ஒரு முழத்துக்குள் எங்காவது கயிறு நசுங்கி, இரும்புக் கறையோடு ஒரு தடம் இருக்கும். ரீல் அங்கே இருந்தது. சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டி ரீலின் காலை இறுக்கிக் கட்டுவார்கள். இடுப்பில் ஊன்ற அடிமுனையை மட்டும் விட்டுவிட்டு இவ்வளவு கீழே ரீல் வைப்பது நேட்டால் பழக்கம், ஏனென்றால் இங்கே வீசியது ஸ்கார்பரோ ரீலில். இங்கிலாந்தின் ஒரு கடற்கரை ஊர்ப் பெயர் அது. அங்கே அதை அநேகமாக மறந்துவிட்டார்கள், டர்பனில் இன்றைக்கும் கடையில் வாங்கலாம். பல்சக்கரம் ஒன்றும் கிடையாது. பெரிய மரச்சக்கரம், நடுவில் ஒரு அச்சு, முகத்தில் இரண்டு குமிழ். ஒரு சுற்றுச் சுற்றினால் ஒரு சுற்று நூல்தான் வரும், அதனால்தான் சக்கரம் அவ்வளவு பெரிது. ஆறங்குல விட்டத்துக்கு நூல் ஏறியிருந்தால் ஒரு சுற்றுக்கு ஒன்றரை அடி. ஷாட் கூட்டம் கரைக்கு வந்திருக்கும்போது அந்தக் கிழவர்கள் சுற்றுகிற வேகத்தைப் பார்க்கவேண்டும், குமிழைப் பிடிப்பதில்லை, உள்ளங்கையால் தட்டித் தட்டி ஓடவிடுவார்கள்.

வீசுவது அதைவிடக் கஷ்டம். கம்பைப் பக்கவாட்டில் சுழற்றும்போது சக்கரம் தானாக ஓடும், நூல் பறக்கும். இடதுகை விரலை விளிம்பில் பட்டும் படாமலும் வைத்திருக்கவேண்டும். விரலை எடுத்தால் சக்கரம் நூலைவிட வேகமாக ஓடி, ஓவர்வைண்ட் ஆகி, காக்காக் கூடு மாதிரி சிக்கிக்கொள்ளும். அழுத்தினால் தூரம் போகாது, விரலும் வெந்துபோகும். பழைய ஸ்கார்பரோக்காரர்களின் இடது ஆள்காட்டி விரலில் ஒரு காய்ப்பு இருக்கும். எங்கள் அப்பா மோர் தம்ளரைப் பிடிக்கும்போது அந்த விரல் மட்டும் தனியாக நிற்கும். தாத்தாவுக்கு இருந்ததா என்று ஆயாவுக்கு நிச்சயம் தெரியும்.

இப்போது செய்யவேண்டியது. கூரையை மறுபடி மூடுவதற்கு முன்னால் தேடுங்கள், கராஜையும் விடவேண்டாம். சாப்பாட்டுத் தட்டைவிடக் கொஞ்சம் சின்னதாக, கறுப்பேறின மரத்திலோ பேக்கலைட் என்கிற பழைய பிளாஸ்டிக்கிலோ ஒரு சக்கரம். பின்பக்கம் பித்தளையில் சிலுவை மாதிரியோ நட்சத்திரம் மாதிரியோ ஒரு தகடு இருக்கலாம். பிள்ளைகள் விளையாட எடுத்திருக்கலாம், தையல் மெஷின் சாமான் என்று யாராவது எடுத்து வைத்திருக்கலாம். அதில் பழைய நூல் இருந்தால் வெட்டி எறியாதீர்கள். வழுவழுவென்று இருந்தால் நைலான். சணல்நூல் மாதிரி இருந்தால் கட்டிஹங்க், நைலானுக்கு முந்தின லினன் நூல். மீன்பிடித்துவிட்டு வந்து அதை நல்ல தண்ணீரில் அலசி மரத்துக்கு மரம் கட்டி உலர்த்தாவிட்டால் உளுத்துப்போகும். அதை உலர்த்தின வேலையும் பெரும்பாலும் ஆயா தலையில்தான் விழுந்திருக்கும்.

கழியைக் கீழே இறக்கியதும் தரையில் படுக்கவைத்து, நாணயத்தால் மேலிருந்து கீழ்வரை தட்டிக்கொண்டே வாருங்கள். டங்கென்று கேட்டால் நல்லது. ஓரிடத்தில் மட்டும் பொத்தென்று கேட்டால் உள்ளே விரிசல். சின்ன ஓட்டையும் மஞ்சள் பொடியும் இருந்தால் உளு விழுந்திருக்கிறது, அந்த இடத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள். வளையத்தின் உள்பக்கத்தில் பஞ்சை விட்டுத் துடைத்தால் நூல் ஓடி ஓடி அறுத்த பள்ளம் தட்டுப்படும். ஒரு பக்கம் மட்டும் ஆழமாக இருக்கும். எத்தனை வருஷம் வீசியிருக்கிறார் என்று அந்தப் பள்ளத்தை வைத்து ஒரு மாதிரி சொல்லிவிடலாம். துருவைச் சுரண்டாதீர்கள்.

வெடிப்பு இல்லை என்றால் நான் நூல் கட்டி, புது நுனி வளையம் போட்டுத் தருகிறேன். முழு ஈயம் போட்டு வீச விடமாட்டேன், ஆனால் இரண்டு அவுன்ஸ் போட்டு அண்ணன் ஒருநாள் ப்ளூ லகூனில் நிற்கலாம். ஷாட் என்றால் அக்டோபர், நவம்பர் இரண்டு மாதமும் கூடாது. மற்ற மாதங்களில் ஆளுக்கு நாலு, முப்பது சென்டிமீட்டருக்குக் குறைந்தால் திரும்பக் கடலில் விடவேண்டும். தபாலாபீசில் லைசென்ஸ் எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

ஆயாவுக்குக் கொடிக்குப் பத்தடி பிவிசி குழாய் ஒன்று வாங்கிக் கொடுங்கள். மேல்முனையில் வி மாதிரி வெட்டிவிட்டால் கயிறு வழுக்காது. அதை வாங்கி வைத்தபிறகு கழியைக் கேளுங்கள். ஈரத் துணி இருக்கும்போது கேட்டால் தரமாட்டார்கள்.